சவரியோடு ஒரு நடை

வாங்க சார், உள்ள வாங்க. கதவைச் சாத்திட்டு வாங்க. தாழ்ப்பாளும் போட்ருங்க. தப்பா நெனைக்காதீங்க, திறந்து கெடந்தா ஒவ்வொருத்தரா செல்ஃபி எடுக்க வந்துருவாங்க, நம்ம பேச்சு நடக்காது. அந்தச் சேர்ல ஒக்காருங்க. கல்யாணத்துல பொண்ணுக்கு அலங்காரம் பண்ற ரூமு சார் இது, அதான் சுத்திக் கண்ணாடியா இருக்கு. எங்க டிரஸ்ட்டு விழா நடந்தா என்னைய இங்கதான் கொண்டாந்து ஒக்கார வைப்பாங்க. கூப்பிடுறப்ப வெளிய வந்து மேடை வரைக்கும் நடக்கணும். அதுதான் நம்ம ஐட்டம். பொன்னாடை, பேச்செல்லாம் முடிஞ்சு கடைசியாத்தான் கூப்பிடுவாங்க.

பரமக்குடியில இருந்தா வர்றீங்க? காது கேக்காத பிள்ளைகளுக்கு மிஷின் வாங்கிக் குடுக்கிறீகளாமே, எங்க டிரஸ்ட்டு மேடம் சொன்னாங்க. நல்ல காரியம் சார். நம்ம போஸ்ட்டெல்லாம் எப்படி இம்புட்டுப் பேருக்குப் போகுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு சார் வர்றாரு, நீயே வெவரமாச் சொல்லு சவரின்னாங்க. ஆமா, நான்தான் சவரிமுத்து. வீடியோவுல ஒசரமாத் தெரிவேன், நேர்ல குட்டைதான். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

ஒரு நிமிசம் சார், இந்தக் காலைக் கழட்டிக்கிறேன். உங்களுக்குக் கூச்சம் ஒண்ணும் இல்லையே? போனை மட்டும் பாக்கெட்டுல வச்சுக்கங்க. ஆ... ஸ்ஸ்... இந்தா, கழண்டுருச்சு. ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல. லேசா ஒட்டிக்கிருச்சு. நீங்க அதைப் பாக்காதீங்க, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க.

என்ன கேட்டீங்க? ஆங், போஸ்ட்டு. மொதல் விசயம் சார், டிரஸ்ட்டு தன்னைப் பத்தித் தானே பேசுனா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். கோதைநாயகி மேடம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. முன்னடி அறக்கட்டளைன்னு அவங்க ஆரம்பிச்ச புதுசுல என்ன போட்டாங்க தெரியுமா? குத்துவிளக்கு ஏத்துற போட்டோ. எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போடுற போட்டோ. கீழ அவங்க தங்கச்சி மட்டும் பூப்படம் போட்டிருக்கும், வாழ்த்துகள் அக்கான்னு. கால் இல்லாதவன் ஊரெல்லாம் காத்துக் கெடக்கான், கால் வாங்கிக் குடுக்கத் துட்டு வரல.

அப்பத்தான் என்னையப் புடிச்சாங்க. நான் இந்த ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுல லோடுமேன் சார். தக்காளிப் பெட்டிய எறக்கிட்டு நிக்கேன், பின்னால வந்த லாரி ஏறிருச்சு. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்து வீட்டுல கெடந்தப்ப மேடம் ஸ்கூட்டியில வந்தாங்க. சேர் இருந்துச்சு, ஒக்காரல. என் பாய் பக்கத்துல தரையில ஒக்காந்தாங்க. சவரி, உன்னைய நடக்க வைக்கிறேன்னு சொன்னாங்க. சொன்னபடி செஞ்சாங்க. அந்தப் பொம்பளையப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன், அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

கால் மாட்டுற முகாமுக்கு அபூர்வான்னு ஒரு பிள்ளை வந்திருந்துச்சு. சென்னையில கம்ப்யூட்டர் வேலை. மேடத்துக்கிட்டப் படிச்ச பிள்ளை, சும்மா ஒத்தாசைக்கு வந்தது. நான் எந்திரிச்சு நிக்கேன். நாலு எட்டு வைக்கேன். அழுகை வந்துருச்சு சார். நெசமான அழுகை. மறுபடி நிப்போம்னு நான் நெனைக்கவே இல்ல. அந்தப் பிள்ளை அத அப்படியே எடுத்து, யாருகிட்டயும் கேக்காம, அது பேஜ்ல போட்டுச்சு. என்ன எழுதுச்சு தெரியுமா? ‘இன்னைக்கு எங்க டீச்சர் ஒரு மனுசனை மறுபடி நிக்க வச்சாங்க, நான் பக்கத்துல இருந்தேன்’. அம்புட்டுத்தான். டிரஸ்ட்டு பேரு கடைசியில சின்னதா இருக்கும். அக்கவுண்ட் நம்பர் இல்ல, உதவுங்கள் இல்ல, ஒண்ணுமில்ல.

மறுநாள் மேடம் போன் நிக்காம அடிக்கி. துபாய், மலேசியா எங்கெங்கேயோ இருந்து. எனக்கும் ஒரு கால் செலவ எழுதிக்கங்க, எனக்கு ரெண்டு எழுதிக்கங்கன்னு. அதான் சொல்றேன், உங்களுக்கு உதவி பண்றவங்களே அவங்க வாயால சொல்லணும். நீங்க எழுதிக் குடுத்து, இதப் போடுங்கன்னு சொன்னீங்கன்னா செத்துப்போகும். அவங்க தப்புந்தவறுமா எழுதட்டும். அவங்க அப்பனுக்குக் கால் போன கதையச் சொல்லட்டும். அவங்க சொந்தக்காரன் பூராம் படிப்பான்.

குறிச்சுக்கிறீங்களா? குறிச்சுக்கங்க.

அப்பறம் பதில் சொல்லணும் சார். கமெண்ட்டு போட்டவன் ஒருத்தன விடாம பேரச் சொல்லிப் பதில் போடணும். அத நான்தான் செய்யிறேன். டிரஸ்ட்டுக்கு வேண்டிய ஒருத்தரு போன் வாங்கிக் குடுத்தாரு, அத நிக்க வைக்கிற ஸ்டாண்டும் குடுத்தாரு. லோடு தூக்குன கைக்கு மொதல்ல எழுத்து வரல. இப்பப் பாருங்க, கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். ‘நன்றி அண்ணா, உங்க அம்மா நல்லாயிட்டாங்களா’ன்னு கேப்பேன். ஆளு உருகிப் போவான். ஏன்னா போன வாரம் அம்மாவுக்கு முடியலன்னு அவன்தான் எழுதியிருப்பான், நான் ஞாபகம் வச்சிருப்பேன். எம் பொண்டாட்டி பிரகாசி கேப்பா, ‘எங்க அம்மாவுக்கு என்ன சீக்குன்னு தெரியுமாய்யா உனக்கு’ன்னு. அவளுக்கு இந்தச் சேவையெல்லாம் வெளங்காது.

தினம் காலையில ஒரு நடை. அது என் யோசனை சார், மேடம் யோசனை இல்ல. எங்க வீட்டு வாசல்ல இருந்து தெருமுனைத் தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்து ஒரு வீடியோ. ஒருநாளு கோயம்புத்தூர்ல ஒரு அம்மா, ஆப்பரேசன் பண்ணிக்கிட்டு வீட்டுல இருக்கவங்க, ‘சவரி அண்ணன் நடக்குறாரு, நானும் நடக்கேன்’னு அவங்க வீட்டு மாடியில நடந்து போட்டாங்க. அதப் பாத்து இன்னொருத்தரு. ‘சவரியோடு ஒரு நடை’ன்னு பேரும் அவங்களே வச்சாங்க. இப்ப தெனம் எங்கெங்கேயோ நடக்குறாங்க. குவைத்துல மணல்ல நடக்காங்க, சிங்கப்பூர்ல லிஃப்ட்டுக்கு முன்னாடி நடக்காங்க. நடந்து போட்டுட்டு, நடந்த தூரத்துக்குத் தக்கன டிரஸ்ட்டுக்குக் குடுக்காங்க. நத்தத்துல ஒரு டெய்லரு சார், ரெண்டு காலும் இல்லாத மனுசன், இன்னைக்குத் தையல் மிஷின மிதிக்கான். அந்தத் துட்டுதான். நான் ஒருநாளு நடக்கலன்னா சாயந்தரத்துக்குள்ள கேட்டு வந்துரும், ‘அண்ணே, இன்னைக்கு என்னாச்சு, நாங்க ரெடியா நிக்கிறோம்’னு. உங்களுக்கும் அப்படி ஒண்ணு வேணும் சார். பாக்குறவன் சும்மா பாத்துட்டுப் போகக் கூடாது, அவனும் ஒண்ணு செய்யணும். உங்க பிள்ளைக மொதமொதல்ல கேட்ட சத்தம் என்னன்னு போடுங்க, பாக்குறவனுக்குப் புடிச்ச சத்தம் எதுன்னு அவனப் போடச் சொல்லுங்க. எப்படி? நல்லாருக்குல்ல?

நான் மட்டும் நிறுத்த முடியாது. வெளங்குதா? எல்லாரும் நிறுத்தலாம், நான் நிறுத்த முடியாது.

இல்ல சார், அந்தக் கால் புண்ணு ஒண்ணுமில்ல. சொல்லியே ஆகணுமா? சரி, பாத்துட்டீங்க, மறைச்சு என்ன. வெட்டுன கால் மொதல்ல வீங்கி இருக்கும். போகப்போக வத்திரும். அப்ப, காலச் சொருகுற இந்தக் கிண்ணம் இருக்குல்ல, சாக்கெட்டும்பாங்க, அது லொடலொடன்னு ஆயிரும். கீழ இருக்க எலும்பு போயி அதுல இடிக்கும். துணி உறை ரெண்டு மூணு போட்டுப் பாத்தேன். ஒரு ஆறு மாசம் ஓட்டுனேன். அப்பறம் புண்ணாயிருச்சு. கால் செஞ்சு குடுத்த டெக்னீசியனுக்குப் போன் போட்டேன். அந்தத் தம்பி சிரிக்கான். ‘எல்லாருக்கும் ஆகுறதுதாண்ணே, புண்ண ஆறவிட்டுட்டு வாங்க, புதுசா அளவெடுத்து மாத்திருவோம், மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க’ன்னான். ஒரு வார்த்தை! அவனுக்கென்ன, சொல்லிட்டான்.

மேடம் கேக்காமலா இருக்காங்க? பாக்குறப்பெல்லாம் கேப்பாங்க. ‘சவரி, கால் எப்படி இருக்கு?’ கேக்கும்போது கையில போனு. லைவ்வு. அந்தப் பக்கம் ஆயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கான், ஹார்ட்டு பறக்குது. நான் என்ன சொல்லுவேன்? ‘சூப்பரா இருக்கு மேடம்’பேன். எல்லாரும் கை தட்டுவாங்க. லைவ் முடிஞ்சதும் சொல்லுவோம்னு வாயத் தொறப்பேன், அதுக்குள்ள நாலு பேரு பக்கத்துல வந்து நிப்பாங்க, அண்ணே ஒரு போட்டோன்னு. நான் பொய் சொல்லல சார். நடக்கிறியான்னு கேட்டாங்க, நடக்கேன். வலிக்குதான்னு எவனும் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன்.

அதோட நின்னிருந்தாலும் பரவாயில்ல. ஒருநாளு புண்ணு ரொம்ப எரிச்சல். பழைய கக்கத்துக்கட்டை வீட்டுல இருந்துச்சு, அத ஊனிக்கிட்டு ரேசன் கடைக்குப் போனேன். நின்னது ஒரு அரை மணி நேரம் இருக்குமா? எவனோ எடுத்துப் போட்டுட்டான். ‘காலையில கேமராவுக்குக் கால், மத்தியானம் கட்டை. முன்னடி டிரஸ்ட்டின் நாடகம்’னு. சார், நமக்கு நல்லது எப்படிப் பரவுச்சோ அதே வேகத்துல இதுவும் பரவுது. நம்ம ஆளுகளே வந்து கேக்கான், அண்ணே உண்மையான்னு. அடுத்த முகாமுக்குப் பணம் தாறேன்னு சொன்ன கம்பெனிக்காரன், கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்னுட்டான். மேடம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. கண்ணு செவந்து கெடக்கு. ஆனா கையில போன் ஆன்ல இருக்கு. ‘சவரி, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, நீயே உன் வாயால ஜனங்களுக்குச் சொல்லு’ன்னாங்க.

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? நான் சொன்னேன், அன்னைக்குக் கால் சர்வீசுக்குப் போயிருந்துச்சு, ஒரே ஒருநாளு கட்டைய எடுத்தேன், அதுக்குள்ள ஒரு நல்லவங்களத் தப்பாப் பேசிட்டீங்களேன்னு. அழுதேன். கமெண்ட்டுல ஒருத்தரு, நல்ல மனுசன்தான், நமக்கு ரொம்ப வேண்டியவரு, ‘சவரி, இனிமே எதுக்கு அந்தக் கட்டை, ஒடச்சுப் போடு’ன்னு எழுதுனாரு. அவ்வளவுதான், ஒடை ஒடைன்னு வரிசையா வருது. எனக்கும் ஒரு வேகம் வந்துருச்சு. அருவாள எடுத்து, வாசல்ல வச்சு, நாலே வெட்டு. பிரகாசி அடுப்படியில இருந்து ஓடியாறா, ‘யோவ் அது வேணும்யா, யோவ்’னு கத்திக்கிட்டு. பின்னாடி அபூர்வா அந்த எடத்துல அவ சத்தத்த எடுத்துட்டு மியூசிக் போட்டுச்சு. இன்னைய தேதி வரைக்கும் எங்க டிரஸ்ட்டுல அதிகம் பேரு பாத்த வீடியோ அதுதான். கம்பெனிக்காரன் சொன்னதுக்கு மேலயே குடுத்தான். எதையாவது ஒடைக்கிற மாதிரி இருந்தா நல்லாப் போகும் சார், குறிச்சுக்கங்க.

என்ன, எழுத மாட்டேங்கிறீங்க?

இப்ப வீட்டுல கட்டை இல்ல. இங்க மெடிக்கல் கடைக்காரன் எனக்கு மொத ஆளா லைக் போடுறவன், அவன்கிட்டப் போயி ஒரு கட்டை குடுன்னு எப்படிக் கேக்க? வெளிய கால் இல்லாம எறங்க முடியாது, எவன் எங்க போனத் தூக்குவான்னு தெரியாது. அதனால காலையில தண்ணித் தொட்டி வரைக்கும் நடந்துட்டு, தொட்டிக்குப் பின்னால ஒக்காந்து காலைக் கழட்டிருவேன். பிரகாசி சைக்கிள் கொண்டாருவா, வேட்டிய எறக்கி மறைச்சுக் கேரியர்ல ஏத்திக்கிட்டுப் போயிருவா. அப்பறம் மறுநாள் காலை வரைக்கும் வீடுதான். ஜன்னலச் சாத்தி வச்சிருக்கோம். உள்ள ஒக்காந்த வாக்குலதான் நகந்து போவேன், தண்ணி குடிக்க, ஒண்ணுக்குப் போக எல்லாத்துக்கும். முன்னாடி கால் இல்லாம இருந்தப்பகூடக் கட்டைய ஊனிக்கிட்டு டீக்கடை வரைக்கும் போயி வந்தவன் சார் நான். சுத்தி எத்தனை பேரு இருக்கான்! போன எடுத்தா அம்புட்டுப் பேரும் அண்ணே அண்ணேங்கிறான். போன வச்சா அந்த நாலு செவுருதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனேன். இங்க போனா தெரிஞ்சிரும்னு தள்ளி, வேற ஊருக்கு, மூஞ்சிக்கு மாஸ்க் போட்டுக்கிட்டுப் போனேன். கட்டுப் போடுற நர்ஸம்மா கண்ணப் பாத்தே கண்டுபிடிச்சிருச்சு. ‘ஐயோ, சவரி அண்ணனா!’ போட்டோ எடுத்துக்கிட்டுத்தான் கட்டுப் போட்டுச்சு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். தெரியாத ஊர்ல ஒருத்தி கண்ண வச்சே கண்டுபிடிக்கான்னா சும்மாவா?

டாக்டர் சின்ன வயசுக்காரரு. புண்ணப் பாத்துட்டு, ரெண்டு மாசத்துக்கு இந்தக் காலத் தொடக் கூடாதுன்னாரு. புண்ணு எலும்புக்கிட்ட நிக்குது, எலும்புக்குள்ள போயிருச்சுன்னா முட்டிக்கு மேல எடுக்கணும், முட்டி போச்சுன்னா இப்ப நடக்குற நடை உனக்கு என்னைக்கும் கெடைக்காதுன்னு சொன்னாரு. அவரு சொன்னது பிரகாசிக்கு நல்லாக் கேட்டுருச்சு. எனக்குந்தான் கேட்டுச்சு. வீட்டுக்கு வந்து, ‘மேடத்துக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா’ன்னா. நீ சொன்னா நான் மருந்தக் குடிச்சிருவேன்னு சொல்லிட்டேன். கோவத்துல சொன்னதுதான் சார். ஆனா அதுல இருந்து கட்டு மட்டும் போட்டு விடுறா, பேச மாட்டேங்கிறா. இன்னைக்கு விழாவுக்கும் வரல. வந்திருக்கலாம்ல? மேடம் எம்புட்டு ஆசையாக் கூப்பிட்டாங்க.

சொல்லத்தான் போறேன். யார் இல்லைன்னா? ஈஸ்டர் முடியட்டும்னு நெனைச்சேன், அப்ப ஒரு முகாம் வந்துச்சு. முகாம் முடியட்டும்னா டி.வி.க்காரங்க வந்தாங்க. சரி, இந்த விழாவோட சொல்லிருவோம்னு உறுதியாத்தான் காலையில கிளம்பினேன். மண்டப வாசல்ல வச்சிருக்க ஃபிளெக்ஸப் பாத்தீங்களா? என் படம் போட்டு? ‘சவரியோடு மாபெரும் நடை, ஒட்டன்சத்திரத்திலிருந்து சத்திரப்பட்டி வரை’. அடுத்த மாசமாம். சென்னையில இருந்தெல்லாம் பஸ் வச்சு வர்றாங்களாம், இன்னைக்கு மேடையில தேதிய அறிவிக்காங்களாம். எனக்கு அந்த ஃபிளெக்ஸப் பாத்துத்தான் தெரியும் சார். ஆட்டோவுல இருந்து எறங்குறேன், என் மூஞ்சி என்னையப் பாத்துச் சிரிக்கி. சத்திரப்பட்டி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸுல போனாலே ஒரு தூக்கம் போடலாம்.

பயமா இருக்கு சார். இத யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்கள இனிமே பாக்கப் போறதில்லன்னு நெனச்சுச் சொல்றேன், ரொம்பப் பயமா இருக்கு. என்னையச் சுத்தி எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க. ஒருத்தன் கெட்டவனா இருந்தாக்கூட அவனத் திட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

எங்க எந்திரிக்கீங்க? சார்... சார், ஒக்காருங்க. மேடத்துக்கிட்டயா? வேணாம். வேணாம் சார், கையெடுத்துக் கும்பிடுறேன். நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க, எனக்கு வெளங்குது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இத்தன நாளும் சவரி புண்ணோடதான் நடந்தானாம்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்? மேடத்த ஏசுவான். மேடம் தாங்க மாட்டாங்க. கால் கேட்டு எழுதிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கவங்க, அவங்க கதி? உங்களையும் விடமாட்டான் சார். இந்த டிரஸ்ட்டே இப்படின்னா பரமக்குடிக்காரன் மட்டும் யோக்கியனாம்பான். அந்தப் பிள்ளைகளுக்கு மிஷின் வாங்க நாளைக்கு எவன் குடுப்பான்? உங்க பிள்ளைகளுக்காகச் சொல்றேன், ஒக்காருங்க.

ஆங். ஒக்காருங்க. தண்ணி குடிங்க.

ஏன் சார், அந்தக் காது மிஷினு... பிள்ளைகளுக்குச் சரியாப் பொருந்துதான்னு பின்னாடி கேப்பீங்கள்ல? இல்ல, சும்மாதான் கேட்டேன்.

யாரு? ஆரு அது? மேடமா? இந்தா வர்றேன் மேடம், ஒரு நிமிசம். சார், கதவத் திறக்காதீங்க, மாட்டிக்கிறேன். அந்த உறைய எடுங்க. அதில்ல, இன்னொண்ணு. ம்ம்... ஆத்தா... போயிருச்சு, உள்ள போயிருச்சு. வேட்டிய எறக்கி விட்டுக்கிறேன். இப்பத் திறங்க.

வாங்க மேடம். ஆமா மேடம், சாருக்கு எல்லாம் சொல்லிட்டேன், குறிச்சுக்கிட்டாரு. என்ன மேடம், கையில போனக் காணோம்? அபூர்வாகிட்டக் குடுத்திட்டீங்களா. என்ன மேடம்? இல்லையே. வேர்க்கத்தான் செய்யும், இங்க ஃபேன் சரியா ஓடல. என்னது? இல்ல மேடம். வலியெல்லாம் இல்ல. பிரகாசியா? போன் போட்டாளா? என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லாம அழுதாளா... அவ அப்படித்தான் மேடம், அவ அம்மாவுக்கு ஒடம்புக்குச் சரியில்ல, அதுதான். நெசமாத்தான் மேடம். இன்னைக்கு நடக்க வேணாமா? ஒக்காந்தே பேசணுமா? எதுக்கு மேடம்? அம்புட்டுப் பேரு வந்திருக்காங்க. கால் சூப்பரா இருக்கு மேடம். சாருகிட்ட வேணா கேளுங்க, இம்புட்டு நேரம் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு. என்ன சார், சொல்லுங்க. பாத்தீங்களா மேடம், சார் தலையாட்டுறாரு. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலேயே வர்றேன்.

போயிட்டாங்களா?

கேட்டாங்க சார். போன் இல்லாம வந்து, என் தோள்ல கை வச்சு, வலிக்குதாடான்னு கேட்டாங்க. நீங்களும் காதால கேட்டீங்கள்ல? நான் என்ன சொன்னேன்? நானா சொன்னேன் அத? யோசிக்கவே இல்ல சார், வாய் தானாச் சொல்லுது. நீங்களாவது சொல்லியிருக்கலாம். நான்தான் வேணாம்னேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

விடுங்க. மைக்குல என் பேரச் சொல்லிட்டாங்க, கைதட்டுறது கேக்குதா? கொஞ்சம் கை குடுங்க, எந்திரிச்சுக்கிறேன். உங்க போன எடுங்க சார். உங்க பேஜ்லயும் போடுங்க, பரமக்குடிச் சனம் பூராம் பாக்கட்டும், உங்களுக்கு நல்லது. ஆனா இங்க இருந்து எடுக்காதீங்க. அந்த வாசப்படியத் தாண்டுனதும் எடுங்க. அது வரைக்கும் நொண்டிக்கிறேன்.